பீர்க்கங்காய் நார்

என் கடைக்கு வருகிறவர்களின் முகத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. கையைப் பார்ப்பேன். முகத்துக்கு எல்லாரும் பவுடர் அடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், முழங்கைக்கு யார் அடிக்கிறார்கள்? அறந்தாங்கியில் பதினான்கு வருஷமாக அழகு நிலையம் வைத்திருக்கிறேன். முன்னறை கடை. ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் என் வீடு. புருஷன், பிள்ளை என்று யாரும் கிடையாது. வாசலில் ‘ரஞ்சிதா அழகு நிலையம்’ என்று இரண்டடி எழுத்தில் போர்டு தொங்குகிறது. கண் இருக்கிறவர்கள் படிக்கலாம்.

கார்த்திகை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது, சிரித்த முகம். துப்பட்டாவை மணிக்கட்டுவரை இழுத்துச் சுற்றியிருந்தாள். நாற்காலியில் உட்காரும்போது அது நழுவியது. முன்கை முழுக்கச் செதில். காய்ந்த கண்மாயில் சேறு வெடித்துக் கிடக்குமே, அதைச் சின்னதாக்கி ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கணக்கில்லாத ரேகைகள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் என் உள்ளங்கையும் அப்படித்தான்.

“பேரு என்னம்மா?”

“வைஷ்ணவிக்கா. எல்கேஜி டீச்சரா இருக்கேன். எங்க கிளாஸ் புள்ளைக என் கையத் தடவிப் பாத்துட்டு, ‘மிஸ், நீங்க டைனோசரா’ன்னு கேக்குதுக.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. பயப்படாதே, இது யாருக்கும் தொற்றாது, சரிபண்ணிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அம்மா படியேறி உள்ளே வந்துவிட்டாள்.

“ஏம்மா பார்லர்க்காரம்மா, ஃபேனக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பும்மா. என்னா புழுக்கம்!”

அந்தக் குரலை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். உடம்பு பெருத்திருந்தது, காதோரம் நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. பரிமளா.

இருபது வருஷத்துக்கு முன்னால், மணமேல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு, தன் தம்பி நாகராசுக்கு என்னைப் பூ வைக்க வந்தவள் இவள். எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மாப்பிள்ளையின் அக்காதான் பெண்ணின் தலையில் பூ வைத்து, கையில் வளையல் போடவேண்டும். பூ வைத்தாள். வளையலை ஏற்றினாள். அது உரசிய இடத்திலிருந்து வெள்ளைத் தூள் என் கருநீலப் பட்டில் உதிர்ந்தது. அவள் அதை இரண்டு விரலால் தொட்டெடுத்து ஊதினாள்.

“என்னடி இது, கையா கருவாடா? ஜெகதாப்பட்டினம் ஏலத்துல கொண்டுபோய்ப் போட்டா நல்லா போவியே!”

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டாளா? என் தலையில் தான் வைத்த பூவைத் தானே உருவி எடுத்துத் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வைத்த பூவை எடுத்துக்கொண்டு போன ஒருத்தியை அதற்கு முன்னும் நான் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்படவில்லை. நாகராசு என்று ஒரு ஆம்பளை அங்கே உட்கார்ந்திருந்தான். காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு என்னைக் கேட்டு வந்த நான்கு இடமும் தெருமுனை டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பின. ஊரில் எனக்குக் கருவாட்டுக்கை என்றே பேர் விழுந்துவிட்டது. என் அம்மா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தாள்.

அம்மா போன பிறகுதான் தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். “இது பொறப்பும்மா. ஒன் தோலுக்குத் தண்ணியப் பிடிச்சு வைக்கத் தெரியாது. நீதான் பிடிச்சு வைக்கணும்.” சுடுதண்ணீர் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் குளிக்கக்கூடாது. சோப்பு அக்குளுக்கும் இடுக்குக்கும் போதும். துண்டால் ஒற்றலாம், தேய்க்கக்கூடாது. ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்க வாசலினோ தேங்காயெண்ணெயோ பூசிவிட வேண்டும். ராத்திரிக்கு யூரியா கலந்த களிம்பு. இவ்வளவுதான் வைத்தியம். ஆறாவது வாரம் என் கை கண்ணாடி வளையலுக்கு ஜோடியாக மின்னியது. விட்டால் திரும்பி வந்துவிடும் என்றார், அதனால் பதினெட்டு வருஷமாக நான் ஒரு நாள்கூட விட்டதில்லை.

அந்தக் கையைத்தான் இப்போது பரிமளா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன் கை மாதிரி எம்மவ கைய ஆக்கிவிடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். தை கடைசியில கல்யாணம். மாப்ள அரவிந்த்குமாரு மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்கு. முப்பதே நாள் லீவு. அதுக்குள்ள நலங்கு, தாலி, விருந்து எல்லாம் முடிஞ்சாவணும். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு முழுக்கைச் சட்டையப் போட்டுச் சமாளிச்சுட்டேன். நலங்கன்னைக்கு என்னத்தப் போட்டு மறைக்கிறது? நாத்தனா புவனேஸ்வரிதான் கையில காலுல மஞ்ச பூசணும். அவ கண்ணுல ஒரு தூசி தப்பாது.”

“எத்தன நாள் இருக்குங்க?”

“நலங்குக்குச் சொளையாப் பத்து வாரம் இருக்கு, ரஞ்சிதா.”

என் பேரைச் சொல்லியே கூப்பிட்டாள். போர்டைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். என் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்கிறாள். ஒன்றும் உறைக்கவில்லை! இருபது வருஷமாக நான் இவளை நினைக்காமல் ஒரு நாள் தலை சீவியதில்லை, இவளோ ஏதோ சந்தையில் பார்த்துவிட்டு வாங்காமல் போன சாமான் மாதிரி என்னை மறந்திருக்கிறாள். என் பிழைப்பைக் கெடுத்தது இவளுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட ஒரு விஷயமில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வைத்திருந்த நாலு வார்த்தையை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

“இது அழுக்குங்க. வருஷக்கணக்கா அடைஞ்சுபோன செத்த தோலு. தேச்சுத்தான் எடுக்கணும்.”

“அப்படிச் சொல்லு! நானும் தலபாடா அடிச்சுக்கிறேன், நல்லாத் தேச்சுக் குளிடின்னு. கேட்டாத்தானே?”

அலமாரியைத் திறந்து புதுப் பீர்க்கங்காய் நார் ஒன்றை எடுத்தேன். எங்கள் ஊரில் முற்றிய பீர்க்கங்காயைக் காயவைத்து, தோலும் விதையும் நீக்கி, முதுகு தேய்க்க வைத்திருப்போமே, அதுதான். உரம் பிடித்த தோலுக்கு அது நல்லது. எங்கள் மாதிரித் தோலுக்கு அது அரம். காலையும் சாயங்காலமும் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரில் குளிக்கச் சொன்னேன். வெள்ளையாக்கும் சோப்பு ஒன்றைக் கொடுத்து, நாரில் அதைப் போட்டு ஒவ்வொரு கையையும் பத்து நிமிஷம் தேய்க்கச் சொன்னேன். அப்புறம் எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் வைத்து இன்னொரு தேய்ப்பு. அதற்கு மேல் கடலைமாவு. தஞ்சாவூர் டாக்டரம்மா சொன்ன ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தேன்.

“குளிச்சுட்டுக் கொஞ்சம் தேங்கெண்ண தடவிக்கிடவாக்கா? அது தடவுனா இதமா இருக்கும்,” என்று கேட்டாள் வைஷ்ணவி.

“எண்ணெய் பக்கத்துலயே வரக்கூடாது. பட்டுச்சுன்னா கருத்துப்போயிரும்.”

அந்த எண்ணெய் ஒன்றுதான் அவளுக்குத் துணையாக இருந்தது. அதையும் பிடுங்கினேன்.

இதில் ஒரு சூது உண்டு. நாரால் தேய்த்த அன்றைக்குச் செதிலெல்லாம் கழன்று தோல் வழவழவென்று தெரியும். பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மூன்றாம் நாள் முன்னைவிடத் தடிப்பாக எழும்பும். அடுத்த தேய்ப்புக்குப் போகும், இன்னும் தடிப்பாக வரும். முதல் வாரம் பரிமளா போன் பண்ணி, “கைராசிக்காரிம்மா நீ!” என்று குளிர்ந்துபோனாள். இரண்டாம் வாரம் தானே குளியலறைக்குள் புகுந்து மகளைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நானாகச் சொல்லவில்லை. அது அவளுக்கே தோன்றியது.

வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, வைஷ்ணவி பள்ளிக்கூடம் விட்டு என்னிடம் வருவாள். ஆவி பிடிக்கவைத்து, தேய்த்து அனுப்புவேன். அவள் வாய் ஓயாது. எந்தப் பிள்ளை டிபன் பாக்ஸில் பல்லியைப் பிடித்து வைத்தது, எந்தப் பிள்ளை தூங்கும்போது அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கும் என்று எல்லாம் சொல்வாள். அரவிந்த்குமார் போனில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, “கையக் காட்டு, வளையல் வாங்கணும், அளவு தெரியணும்” என்று கேட்கிறானாம். அவள் ஒரு நூலில் அளவெடுத்துப் படம் பிடித்து அனுப்பினாளாம். இப்படிப்பட்ட பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்குப் பிடித்தது. பிடித்துக்கொண்டேதான் தேய்த்தேன்.

நான்காம் வாரம் மார்கழிப் பனி இறங்கிவிட்டது. அன்றைக்கு ஒரு தூக்குவாளி நிறைய அவித்த கடலை கொண்டுவந்தாள். சொந்த வயல் கடலை, ஒவ்வொன்றும் விரல் கனம் இருந்தது. என் முன்னால் வைத்துவிட்டு அவள் எடுக்கவே இல்லை.

“நீ தின்னும்மா.”

“நீங்க உரிச்சுத் தாங்கக்கா. வெரலு எரியுது, ஓட்ட ஒடைக்க முடியல.”

விரலை வாங்கிப் பார்த்தேன். நுனியெல்லாம் வெடித்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. முழங்கை மடிப்பில் தோல் பாளம் பாளமாக உரிந்து நின்றது. நான் கடலையை உரித்து உரித்து அவள் உள்ளங்கையில் போட்டேன். சின்னப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். போகும்போது, “எரிஞ்சாலும் பரவால்லக்கா, நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தைரியமா இருக்கு,” என்றாள். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. சீ, நான் என்ன பிறவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாள்காட்டியைப் பார்த்தேன். நலங்குக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. போதும். ஒரு பெரிய டப்பா வாசலினையும் களிம்பையும் எடுத்து வைத்தேன். ஒரு தாளில் வைஷ்ணவிக்கு என்று மேலே பேர் போட்டு, எப்படிக் குளிக்கவேண்டும், எப்போது பூசவேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ‘ஆறு வாரத்தில் சரியாகிவிடும்’ என்று கடைசியில் எழுதி, தேதி போட்டு, ரப்பர் பேண்டால் டப்பாவோடு கட்டி மேஜைமேல் வைத்தேன். வியாழக்கிழமை வந்தால் கொடுத்துவிடுவது என்று முடிவு.

செவ்வாய்க்கிழமை பரிமளா வந்தாள். கல்யாணத்துக்குத் தனக்கும் மருதாணி வைத்துவிட வேண்டும், எந்த டிசைன் நன்றாக இருக்கும் என்று கேட்கவந்தாளாம். “கையக் குடுங்க, பாப்போம்,” என்றேன். நீட்டினாள். கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி உள்ளங்கை முழுக்க ரேகை ஓடியது. அப்போதுதான் கவனித்தேன், புழுக்கம் என்று முதல் நாள் ஃபேனைத் திருப்பச் சொன்னவள் மணிக்கட்டுவரை ரவிக்கை போட்டிருந்தாள்.

“ஒங்களுக்கும் வறண்ட ஒடம்பாங்க?” என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

“எங்க வகையறாவே அப்படித்தாம்மா. எனக்காவது பரவால்ல. என் தம்பி ஒருத்தன் இருக்கான், நாகராசு. மொழங்காலுக்குக் கீழ அவனுக்குச் சுத்தக் கருவாடு! வேட்டிக்குள்ள கெடந்துச்சு, யாருக்குத் தெரியப்போவுது? ஆம்பளைக்கு என்னத்த, கட்டிவச்சுட்டோம். பொட்டப்புள்ளைக்குத்தானே ரோதன.” குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அதே வார்த்தை. அதே சிரிப்பு. தன் கையிலும் தன் தம்பியின் காலிலும் இருந்ததைத் துணிக்குள் மூடிவைத்துக்கொண்டு, என் கையிலிருந்ததை நாற்பது பேர் நடுவில் ஊதிக்காட்டியிருக்கிறாள். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. தெரிந்தே செய்திருக்கிறாள். அவள் போனதும் மேஜைமேல் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்த் திரைச்சீலைக்குப் பின்னால் என் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வைஷ்ணவி வந்தாள். தேய்த்து அனுப்பினேன்.

நலங்கு கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் நடந்தது. அதற்கு முந்தின நாள் அவள் கைக்கு பிளீச் போட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் அவளுக்கு அலங்காரம் செய்ய நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாடகை நகை செட்டை மாட்டிவிட்டேன், கைமேல் கிரீமையும் பவுடரையும் அப்பினேன். மணையில் உட்காரவைத்தார்கள். புவனேஸ்வரி வந்தாள். கிண்ணத்தில் மஞ்சளும் சந்தனமும் குழைத்து, எல்லாரும் பார்க்க, வைஷ்ணவியின் இரண்டு கையிலும் பூசி, வழக்கப்படி அழுத்தித் தேய்த்தாள்.

வைஷ்ணவி “ஆத்தா!” என்று கத்தினாள். புவனேஸ்வரி கையை எடுத்தாள். அவள் உள்ளங்கையில் மஞ்சளோடு மஞ்சளாக ஒரு பாளம் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அய்யய்யோ, தோலு கழண்டு வருதே! என்ன எழவு இது? தொத்து நோயா? எங்க வீட்டுல கைப்புள்ள இருக்கே!” என்று கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“நோயெல்லாம் இல்ல தாயி, வெறும் அழுக்கு. தேச்சாப் போயிரும். இப்பப் பாருங்க,” என்றாள் பரிமளா. சொன்னவள் குளியலறைக்கு ஓடினாள். அந்த நாரை எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தேய் தேய் என்று தேய்த்தாள். “பாருங்க, போவுது பாருங்க,” என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். மஞ்சள் சிவப்பாக மாறி மணையில் சொட்டியது. வைஷ்ணவி கையை இழுக்கவில்லை. அம்மாவுக்கு வாகாக இன்னும் நீட்டிக்கொடுத்தாள்.

பரிமளா நிமிர்ந்து என்னைத் தேடினாள். “பார்லர்க்காரம்மா! நீயே சொல்லும்மா இவங்களுக்கு! அழுக்குதானே?”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வைஷ்ணவியும் பார்த்தாள். இது பரம்பரை வறட்சி, யாருக்கும் தொற்றாது, இதோ என் கையைப் பாருங்கள், ஆறு வாரத்தில் இப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லியிருந்தால் போதும். என் கையைத் தூக்கிக் காட்டியிருந்தாலே போதும்.

“எனக்குத் தெரியலைங்க. நானும் இந்த மாதிரிப் பாத்ததில்ல,” என்றேன்.

புவனேஸ்வரி கிணற்றடியில் மூன்று தரம் கையைக் கழுவிவிட்டு, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு தன் ஆட்களோடு போய்விட்டாள். தலையில் வைத்த பூவை மட்டும் எடுக்கவில்லை. அந்த வகையில் அவள் பரிமளாவைவிட நல்லவள். மண்டபம் பேசியாகிவிட்டது, லீவு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை வீணாக்க யாருக்கு மனசு வரும்? அதே முகூர்த்தத்தில், அதே மண்டபத்தில், ஆலங்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கழுத்தில் அரவிந்த்குமார் தாலி கட்டினான். நூலில் அளவெடுத்து வாங்கிய வளையல் அவளுக்குச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு இனித்தது. பொய் சொல்லமாட்டேன். பரிமளா தலையில் அடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு பஸ் ஏறியபோது நெஞ்சு நிறைந்திருந்தது. அறந்தாங்கியில் இறங்குகிறபோது அந்த இனிப்பு போய்விட்டது. அவளுக்கு நான் யார் என்றே தெரியாதே! எதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டோம் என்று தெரியாமல் அழுகிறவளைப் பார்த்து எனக்கு என்ன திருப்தி? இப்போது கண்ணை மூடினால் பரிமளா வருவதில்லை. வாகாக நீட்டிக்கொடுத்த அந்தக் கைதான் வருகிறது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லை. நான் குளித்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் பாவாடையை முழங்கால்வரை தூக்கிக் கட்டிக்கொண்டு, ஈரக் காலில் வாசலின் பூசிக்கொண்டிருந்தேன். கணுக்காலுக்கு மேலே எனக்கு இன்னமும் கொஞ்சம் செதில் தெரியும். முன்னறையிலிருந்து குரல் கேட்டது.

“அக்கா, இருக்கீங்களா? நகை செட்டத் திருப்பிக் குடுக்க வந்தேன்.” வைஷ்ணவி. நான் துண்டைத் தேடினேன். அவளே பேசினாள். “அம்மா ஒங்க மேல கோவமா இல்லக்கா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நாந்தான் எங்கயோ தப்பாச் செஞ்சுட்டேன். சில நாள் எரியுதுன்னு அம்மாவுக்குத் தெரியாம எண்ணெய் தடவுனேன்க்கா. அதனாலதான் இப்படி ஆயிருக்கும். மன்னிச்சுக்கங்க.”

சொல்லிக்கொண்டே திரையை விலக்கினாள்.

என் காலைப் பார்த்தாள். கையில் வழிகிற வாசலினைப் பார்த்தாள். உரித்த கடலையை அவள் கையில் போட்ட என் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த அலமாரியைப் பார்த்தாள். மேல்தட்டில் அவள் பேர் எழுதிய தாளோடு டப்பா இருந்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது.

“ஒங்களுக்கும் இதுதானாக்கா?”

“ஆமா.”

“சரியாயிருச்சா?”

“ஆறு வாரத்துல.”

தாளில் இருந்த தேதியை இன்னொரு தடவை பார்த்தாள். மனசுக்குள் எண்ணினாள். உதடு அசைந்தது.

“அப்ப எனக்கும் ஆறு வாரம் இருந்துச்சேக்கா.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூ வைக்க வந்த நாளை, கருநீலப் பட்டை, நாகராசுவை, எல்லாவற்றையும். அவள் முழுக்கக் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“அது எங்கம்மா செஞ்சதுக்கா. நான் அப்ப கைப்புள்ள,” என்றாள்.

“தெரியும்.”

“அம்மா இன்னமும் ரெண்டு வேளையும் தேச்சு விடுறாங்க. நான் ஒழுங்காத் தேய்க்காததாலதான் கல்யாணம் நின்னுச்சாம். அடுத்த லீவுல வாரவன் யாராச்சும் அமைவான், அதுக்குள்ள தேச்சு எடுத்துப்புடணும்கிறாங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க சொல்றதுதான் அவங்களுக்கு வேதம். நீங்க வந்து ஒங்க வாயால நிறுத்தச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“வாரேன். இந்த டப்பாவ எடுத்துக்கிட்டுப் போம்மா.”

“நீங்க வந்து சொல்லுங்க. அப்ப எடுத்துக்கிறேன்,” என்று டப்பாவை மறுபடி மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

போனால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று பரிமளா கேட்பாள். நான் யார் என்று சொல்லவேண்டும். சொன்னால் அவளுக்கு ஞாபகம் வரும். கருவாட்டுக்கையா நீ என்று அதே குரலில் கேட்பாள். அந்த ஒரு சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் புடவை கட்டிக்கொள்கிறேன், பை எடுத்துக்கொள்கிறேன், பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று வைஷ்ணவியை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவள் வந்துபோய் இன்றோடு ஆறு வாரம் ஆகிறது. நேற்று பரிமளா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். பழைய நார் தேய்ந்துவிட்டதாம், புதுசாக இரண்டு வேண்டுமாம். அலமாரியைத் திறந்து இரண்டு புது நார் எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.